யூங்குக்குக் கணக்கு வரலை!

"நீங்க என்ன டைப்?"னு கேட்டா ரத்த வகையைச் சொன்னது ஒரு காலம். இப்ப நாலு எழுத்து சொல்றாங்க. ஐஎன்டிஜே, ஈஎஸ்எஃப்பி, இன்னும் என்னென்னவோ. மொத்தம் பதினாறு வகை. நான் படிக்கிற பல்கலைக்கழகத்துல புதுசா சேர்ற பசங்க பேரு, ஊரு, மேஜர் சொன்ன கையோட இதையும் சொல்லிடறாங்க. நம்ம ஊர் ராசி, நட்சத்திரம் மாதிரின்னு வெச்சுக்கோங்களேன் :-)

ராசிபலனாவே இருந்துட்டுப் போனா எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. ஆனா இங்கே முதலாண்டு புள்ளியியல் வகுப்புக்கு நான் டீச்சிங் அசிஸ்டெண்ட். சந்தேகம் கேட்க வர்றவங்களுக்கு வாரம் ரெண்டு நாள் உட்கார்ந்து சொல்லித் தரணும். நர்ஸிங் சேரணும்னு வந்த ஒரு பொண்ணு, கணக்கைப் படிச்சுப் பார்க்கிறதுக்கு முன்னாடியே "நான் ஃபீலிங் டைப், நம்பரெல்லாம் எனக்கு ஒத்துவராது"ன்னுட்டா. மூணாவது வாரம் வகுப்பையே விட்டுட்டா. அந்த வகுப்பு இல்லாம நர்ஸிங் கிடையாது.

அந்த நாலெழுத்துக்கும் கணக்குக்கும் நிஜமாவே அப்படி என்ன சம்பந்தம்னு நோண்ட ஆரம்பிச்சேன். கிடைச்ச வரலாறு செம சுவாரசியம். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

பாசல் பள்ளிக்கூடத்துல ஒரு பையன்

இந்த வகை பிரிக்கிற வேலையோட மூலவர் கார்ல் யூங். 1875-ல் பிறந்த சுவிஸ் மனநல மருத்துவர். உளவியல் வகைகள் பற்றிய அவரோட பெரிய புத்தகம் 1921-ல் வந்தது. உள்முகம், வெளிமுகம்னு ரெண்டு போக்கு. சிந்தனை, உணர்ச்சி, புலன், உள்ளுணர்வுன்னு நாலு செயல்பாடு. இன்னைக்கு இணையத்துல சுத்துற பதினாறு வகைக்கும் அடித்தளம் அதுதான்.

இந்த மனுஷன் கடைசிக் காலத்துல சொல்லி எழுதவெச்ச தன்வரலாறு, அவர் இறந்த அடுத்த வருஷம், 1962-ல் ஜெர்மன்ல வெளிவந்தது. அதுல பள்ளிப் பருவத்தைப் பத்திச் சொல்ற இடத்துல ஒரு விஷயம் வருது. யூங்குக்குக் கணக்கு வகுப்புன்னாலே நடுக்கம்!

மக்குப் பையனெல்லாம் இல்லை. மத்த பாடமெல்லாம் அவருக்குச் சுலபம். கூட்டல் கழித்தலும் தப்பில்லாம வரும். பிரச்சினை அல்ஜீப்ராவுல ஆரம்பிச்சுது. எண் என்பது பூ இல்லை, மிருகம் இல்லை, கல்லும் இல்லை. அப்ப அது என்னதான்? அதுக்கே பதில் தெரியாதப்ப, எண் இருந்த இடத்துல எழுத்தை வேற கொண்டு வந்து போடறாங்க. 'அ'வும் 'ஆ'வும் சமம்னு வாத்தியார் எழுதினா, ரெண்டும் வேற வேற எழுத்தாச்சே, எப்படிச் சமமாகும், இது சுத்தப் பொய்யாச்சேன்னு பையனுக்குக் கோபம். இணைகோடுகள் முடிவிலியில சந்திக்கும்னு சொன்னப்ப இன்னும் கோபம். வாத்தியார் பொறுமையாத்தான் விளக்கினாராம். ஆனா தன் கேள்வி என்னங்கறதையே பையனால வார்த்தையில வைக்க முடியலை. மத்த பசங்க எல்லாருக்கும் புரியற மாதிரி இருக்கு. சரி, நாமதான் முட்டாள்னு முடிவு பண்ணிட்டார். பார்த்ததை அப்படியே மனசுல பதிச்சுக்கிற ஞாபகசக்தியை வெச்சு ரொம்ப நாள் ஒப்பேத்தினார். கணக்குல தனக்கு ஏன் பிடி கிடைக்கலைங்கறது கடைசிவரைக்கும் அவருக்கே புதிர்தான்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. 1959-ல் பி.பி.சி. தொலைக்காட்சி பேட்டியில யூங்கைப் பார்த்து, "நீங்க எந்த வகை?"ன்னு கேட்டாங்க. தன்கிட்ட சிந்தனைதான் தூக்கல், உள்ளுணர்வும் நிறைய, உணர்ச்சிப் பக்கம்தான் கொஞ்சம் சிரமம்னு பதில் சொன்னார். இன்னைக்கு இணையத்துல "கணக்குப் புலி"ன்னு பட்டம் கட்டுற அதே வகை. வகையைக் கண்டுபிடிச்சவரே அந்த வகை, அவருக்கே கணக்குன்னா பயம்!

ஒரு அம்மாவும் பொண்ணும்

யூங்கோட புத்தகம் 1923-ல் ஆங்கிலத்துக்கு வந்தது. அமெரிக்காவுல கேத்தரின் பிரிக்ஸ் என்கிற அம்மா அதைப் படிச்சு அசந்துட்டாங்க. அவங்க பொண்ணு இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் கல்லூரியில படிச்சது அரசியல் விஞ்ஞானம். துப்பறியும் நாவல் எழுதிப் பரிசு வாங்கினவங்க. உளவியல்ல பட்டம் எதுவும் கிடையாது. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, யாருக்கு எந்த வேலை பொருந்தும்னு கண்டுபிடிக்க இசபெல் கேள்வித்தாள் தயாரிக்க ஆரம்பிச்சாங்க. 1962-ல் அது அச்சுல வந்தது. அதுதான் மையர்ஸ்-பிரிக்ஸ். இப்ப இணையத்துல இலவசமா கிடைக்கிறதுல பல, அதோட ஒண்ணுவிட்ட சொந்தங்கள்.

நல்லா கவனிங்க. அந்தப் பரீட்சை எதை அளக்கிறதா அதை உருவாக்கினவங்களே சொல்றாங்கன்னா, விருப்பத்தை. திறமையை இல்லை. "ஃபீலிங்"னா முடிவெடுக்கும்போது மனுஷங்களையும் மதிப்புகளையும் முதல்ல பார்க்கிற சுபாவம், அவ்வளவுதான். பின்னத்தைப் பெருக்கத் தெரியாதுன்னு அதுக்கு அர்த்தமே இல்லை. விருப்பத்தை அளக்கிறதுலயும் இது எவ்வளவு உறுதியானதுன்னு ஆய்வாளர்கள் ரொம்ப நாளா சண்டை போட்டுட்டு இருக்காங்க. சில வாரம் கழிச்சு அதே ஆள் மறுபடி எழுதினா வேற எழுத்து வர்றது சகஜம். 1991-ல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி கவுன்சிலோட ஒரு குழு, தொழில் ஆலோசனைக்கு இதைப் பயன்படுத்தற அளவுக்குப் போதிய ஆதாரம் இல்லைன்னு எழுதிடுச்சு.

மேதைகளும் வகை பிரிச்சாங்களே?

ஆமா, பிரிச்சாங்க. 1900-ல் பாரிஸ்ல நடந்த கணித மாநாட்டுல ஆன்றி புவான்காரே இதைத்தான் பேசினார். வையர்ஸ்ட்ராஸ் மாதிரி படிப்படியா தர்க்கத்துல போறவங்க ஒரு ரகம், ரீமான் மாதிரி படமா பார்த்துப் பிடிக்கிறவங்க இன்னொரு ரகம். இந்த குணம் பிறவியிலயே வருதுன்னுதான் அவரும் நினைச்சார். ஆனா ரெண்டு ரகமும் கணிதத்துக்குத் தேவைன்னார். அவர் பிரிச்சது கணக்கு வீட்டுக்குள்ள இருக்கிற அறைகளை. யாரையும் வாசலுக்கு வெளிய நிறுத்தலை.

அதே புவான்காரே 1908-ல் வந்த புத்தகத்துல, தன்னால தப்பில்லாம ஒரு கூட்டல்கூடப் போட முடியாதுன்னு ஒத்துக்கறார். உலகத்தோட முதல் வரிசைக் கணித மேதை! நம்ம ஊர்ல மளிகைக்கடை பில்லைக் கூட்டத் தெரியலைன்னா "இவனுக்குக் கணக்கு வராது"ன்னு முத்திரை குத்தியிருப்போம்.

ஹார்டி கதையும் இங்கே பொருந்தும். பிறவித் திறமைக்கு நூத்துக்கு எத்தனைன்னு அவர் ஒரு தடவை மார்க் போட்டார். ராமானுஜனுக்கு 100, ஹில்பர்ட்டுக்கு 80, லிட்டில்வுட்டுக்கு 30, தனக்கு 25. அந்தக் காலத்து இங்கிலாந்தோட தலைசிறந்த கணிதவியலாளர்கள்ல ஒருத்தர் தனக்குப் போட்டுக்கிட்ட மார்க்கு 25. காரணம் ரொம்ப எளிது. பக்கத்துல இருந்தது ராமானுஜன். நம்ம திறமையைப் பத்தி நாம வெச்சிருக்கிற நினைப்பு, யார் பக்கத்துல உட்கார்ந்திருக்காங்கங்கறதைப் பொறுத்து மாறும். 1987-ல் ஹெர்பர்ட் மார்ஷ் பள்ளிப் பிள்ளைகள்கிட்ட இதையே காட்டினார். ஒரே அளவு திறமை இருக்கிற ரெண்டு பேர்ல, கெட்டிக்காரங்க நிறைஞ்ச பள்ளியில படிக்கிற பிள்ளைக்குத்தான் தன்னம்பிக்கை கம்மி.

இன்னொரு பாதை

வகை பிரிக்கிறவங்க ஒரு பக்கம் போயிட்டிருந்தப்ப, சில பேர் வேற கேள்வி கேட்டாங்க. "இவங்க எந்த மாதிரி ஆளு?"ன்னு கேட்காம, "இவங்களுக்கு என்ன ஆச்சு?"ன்னு கேட்டாங்க.

1954-ல் மேரி ஃபைடஸ் காஃப் என்கிற கன்னியாஸ்திரி, கணக்குல பிள்ளைகள் தோற்கிறதுக்குப் பின்னாடி இருக்கிற பயத்துக்குத் தனிப் பேரே வெச்சு ஒரு கட்டுரை எழுதினார்: மேத்தமாஃபோபியா. 1957-ல் டிரெகர், எய்க்கன்னு ரெண்டு பேர் கல்லூரி மாணவர்களை ஆராய்ஞ்சு, இந்த எண் பயம் பொதுவான பதட்டத்துலேருந்து வேற, அறிவுக்கூர்மைக்கும் இதுக்கும் முடிச்சுப் போட முடியாதுன்னாங்க. 1972-ல் இதை அளக்கவே 98 கேள்வி கொண்ட அளவுகோல் வந்தாச்சு.

அதே சமயத்துல லூசி செல்ஸ் என்கிற சமூகவியலாளர், பெர்க்லி பல்கலைக்கழகத்துல புதுசா சேர்ந்தவங்களைக் கணக்கெடுத்தார். உயர்நிலைப் பள்ளியில நாலு வருஷக் கணக்கு படிச்சிருந்த ஆண்கள் 57 சதம், பெண்கள் 8 சதம். அந்த நாலு வருஷம் இல்லைன்னா அறிவியல், பொறியியல்னு முக்கால்வாசிக் கதவு மூடிடும். கணக்கு ஒரு வடிகட்டின்னார் அவர். பெண்களோட மூளை வகை இதுக்குக் காரணம்னா, அடுத்த சில பத்தாண்டுகள்ல அந்த இடைவெளி அமெரிக்கப் பள்ளிகள்ல ஏறக்குறைய மறைஞ்சு போயிருக்காது. மூளை மாறலை, வகுப்புல சேர்ந்தவங்க மாறினாங்க.

ஷீலா டோபியாஸ் 1970-களின் நடுவுல வெஸ்லியன் பல்கலைக்கழகத்துல கணக்கு பயத்துக்குன்னே ஒரு கிளினிக் ஆரம்பிச்சாங்க. 1978-ல் வந்த அவங்க புத்தகம்தான் இந்த விஷயத்தைச் சாதாரண ஜனங்ககிட்ட கொண்டு போச்சு.

பயம் வந்தா மண்டைக்குள்ள என்ன நடக்குது? 2001-ல் ஆஷ்கிராஃப்ட்டும் கிர்க்கும் ஒரு சோதனை செஞ்சாங்க. சில எழுத்துக்களை ஞாபகம் வெச்சுக்கிட்டே கூட்டல் போடணும். கணக்கு பயம் இருக்கிறவங்க தடுமாறினது எங்கேன்னா, "அஞ்சு போட்டு மிச்சம் ஒண்ணு"ன்னு மனசுல தாங்க வேண்டிய கூட்டல்ல. மனசுக்குள்ள ஒரு சின்ன சிலேட்டு இருக்குன்னு வெச்சுக்கோங்க. "ஐயோ வராதே, வராதே"ன்னு பயம் வந்து பாதி சிலேட்டுல கிறுக்கிடுது. கணக்குப் போட இடமில்லை. தப்பா போகுது. தப்பானதைப் பார்த்துப் பயம் இன்னும் ஏறுது. வட்டிக்கு வட்டி மாதிரி.

இது தொத்தவும் செய்யும். 2010-ல் சியான் பைலாக் குழுவினர் ஒண்ணு, ரெண்டாம் வகுப்பு டீச்சர்கள் 17 பேரை ஒரு வருஷம் கவனிச்சாங்க. எல்லாரும் பெண்கள். டீச்சருக்குக் கணக்கு பயம் அதிகமா இருந்த வகுப்புல, வருஷக் கடைசியில "பசங்கதான் கணக்குல கெட்டி"ன்னு நம்பின சிறுமிகள் அதிகம். அப்படி நம்பின சிறுமிகளோட மார்க்கும் கம்மி.

இதுல உலகம் முழுக்க நாம தனியா இல்லை. 2012 பிசா ஆய்வுல, கணக்கு வகுப்பு கஷ்டமா இருக்குமோன்னு அடிக்கடி கவலைப்படறதா சொன்ன 15 வயசுப் பிள்ளைகள் சுமார் 59 சதம். இத்தனை பேரும் ஒரே வகையா இருக்க முடியுமா?

நம்ம ஊர் வடிகட்டி

ஆளுக்கு ஆள் வித்தியாசமே இல்லைன்னு நான் சொல்ல வரலை. சிலருக்குச் சட்டுனு பிடிபடும், சிலருக்கு நேரமாகும். கணக்குல பலவீனம் பயத்தைக் கொண்டுவரும், பயம் பலவீனத்தைக் கொண்டுவரும், ரெண்டு பக்கமும் ஓடுது. ஆனா "நான் இந்த வகை"ன்னு சொன்ன உடனே தேடல் நின்னுடுது. எந்த இடத்துல வண்டி நின்னுச்சுன்னு யாரும் பார்க்கிறதில்லை.

லூசி செல்ஸ் சொன்ன வடிகட்டி நமக்குப் புதுசில்லை. பிளஸ் ஒன்ல குரூப் எடுக்கிறோமே, அதேதான். என் அத்தை பொண்ணு பத்தாவதுல இருந்தப்ப, "அவ சுபாவம் அப்படி, கதை கவிதைன்னு இருப்பா, கணக்கெல்லாம் வராது"ன்னு பெரியவங்க கூடிப் பேசி முடிச்சுட்டாங்க. அவகிட்ட யாரும் கேட்கலை. பதினஞ்சு வயசுல பாதிக் கதவு சாத்தியாச்சு. இங்கே நாலெழுத்து செய்யற வேலையை அங்கே "சுபாவம்" என்கிற ஒரு சொல் செஞ்சுது.

அதனால மக்களே, வீட்டுல தம்பியோ தங்கச்சியோ பொண்ணோ "எனக்குக் கணக்கு வராது"ன்னு சொன்னா, "நானும் அப்படித்தான், நம்ம குடும்பத்துக்கே வராது"ன்னு தலையைத் தடவாதீங்க. "எந்த வகுப்புலேருந்து வரலை? எந்தக் கணக்குல முதல்ல முழிச்சே?"ன்னு கேளுங்க. பின்னமா, எழுத்து வந்த நாளா, கரும்பலகைக்குக் கூப்பிட்டு நிக்கவெச்ச நாளான்னு ஒரு பதில் வரும். யூங் அவ்வளவு பெரிய ஆளு, அவருக்கே தன் கேள்வியை வார்த்தையில வைக்கத் தெரியலை. பத்து வயசுப் பிள்ளைக்கு நாமதான் எடுத்துக் கொடுக்கணும்.

உங்களுக்கு எந்த வகுப்புல, எந்தக் கணக்குல வண்டி நின்னுச்சு? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. நாலெழுத்தைச் சொல்றவங்க பின்னூட்டம் மட்டும் பிரசுரமாகாது :-)