மொத்தத் தண்ணீரின் கணக்கு

மீன் செத்துவிட்டதென்று கண்ணால் பார்த்து எழுதிவிடக் கூடாது. கண்ணாடிக் குச்சியால் வாலடியைத் தொட வேண்டும். உடம்பு அசையாமல், செவுளும் திறக்காமல் இருந்தால்தான் பதிவேட்டில் ஒரு கோடு. கழிவுநீர் ஆய்வுக்கூடத்தில் நான் சேர்ந்த புதிதில் மூத்த உதவியாளர் சொல்லித்தந்த பாடம் இது. பக்கத்துத் தொட்டியில் நல்ல தண்ணீரில் அதே அளவு மீன்கள் இருக்கும்; அங்கே சாவு கூடினால் சோதனையே செல்லாது. காற்றுக்குழாயும் போட வேண்டும், இல்லாவிட்டால் மூச்சுமுட்டிச் செத்ததை நஞ்சின் கணக்கில் எழுதிவிடுவோம். 24, 48, 72, 96 மணி நேரத்தில் எண்ணுவோம். எந்த ரசாயனம் கொன்றது என்று மீன் சொல்லாது. மொத்தத் தண்ணீர் எப்படி என்று சொல்லிவிடும்.

நஞ்சுகள் கூடினால் என்ன ஆகும் என்பதைப் பூச்சிமருந்துக்காரர்கள் முன்பே யோசித்திருந்தார்கள். தனித்தனியே வேலை செய்யலாம், ஒன்றுக்கு மற்றொன்று ஈடாக நின்று கூடலாம், கூட்டுத்தொகையையும் மீறலாம் என்று 1939ல் பிளிஸ் என்ற ஆய்வாளர் வகுத்தார். 1981ல் நெதர்லாந்தில் கோனெமன் என்ற ஆய்வாளர் இதைக் கப்பி மீன்களிடம் சோதித்தார். ஐம்பது ரசாயனங்கள், பாதி மீன்களைக் கொல்லும் அளவில் ஐம்பதில் ஒரு பங்குதான் ஒவ்வொன்றிலும். தனியாக எதுவும் மீனை அசைக்காது. சேர்த்ததும், கூட்டல் கணக்கு சொன்னபடியே ஏறக்குறைய நடந்தது.

நம் நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளிலும் இதற்கு ஒரு வரி உண்டு. தண்ணீர் கலக்காத முழுக் கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீத மீன்கள் பிழைத்திருக்க வேண்டும். ஈயம், துத்தநாகம், பீனால் என்று நீளும் அட்டவணையில் எனக்குப் பிடித்த வரி இதுதான். மற்றவை ஒவ்வொன்றும் தன் பங்கை மட்டும் பார்க்கும்.

ஆனால் அந்த வரி ஆலைக் குழாய்வாயைப் பார்த்து எழுதியது. திருவனந்தபுரத்தில் நான் குடியிருக்கும் பழவங்காடிக்கு அருகே ஓடும் ஆமையிழஞ்சான் தோடு என்ற ஓடைக்கு எந்த ஆலை முதலாளி? தம்பானூர் ரயிலடிக்குக் கீழே புகுந்து, தகரப்பறம்பு, கண்ணம்மூலை வழியாக ஆக்குளம் காயலில் விழுகிறது. வெள்ளம் தேங்குகிறதென்று 2015ல் ‘ஆபரேஷன் அனந்தா’ திட்டம் வந்தது. 2024 ஜூலையில், ரயிலடிக்குக் கீழே குப்பை அள்ள இறங்கிய தொழிலாளி ஒருவர் உயிரைவிட்டார். இரண்டு தடவையும் பேச்சு அடைப்பையும் குப்பையையும் பற்றித்தான். சோப்பு, பட்டறை எண்ணெய், கிருமிநாசினி, கொசுமருந்து எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேரும் ஊர்த் தண்ணீரும் கோனெமன் தொட்டிதான் என்பதை யாரும் நினைப்பதில்லை.

தோட்டில் கப்பி துள்ளுகிறதே என்று சமாதானம் சொல்கிறவர்கள் உண்டு. கப்பி, மூச்சுக்காற்று குறைந்த தண்ணீரிலும் மேல்மட்ட நீரை உறிஞ்சியே பிழைக்கிற கெட்டிக்கார மீன். அதன் சாட்சி போதாது. தோடு காயலில் விழும் இடத்தில் மாதம் ஒருமுறை தண்ணீர் எடுத்து, இந்த மீன் சோதனையை மாநகராட்சி நடத்தட்டும். பெரிய கருவி எதுவும் வேண்டாம். எத்தனை மீன் பிழைத்தது என்பதை வார்டு சபையில் வாசித்துவிடுங்கள்.