காய்ச்சலா எனக்கு? - முட்டை ரொட்டியின் கதை

மக்களே, போன ஞாயித்துக்கிழமை வீட்ல ஒரு அவமானம் நடந்துச்சு. அதுலேருந்து கிளம்பினதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காப்பியோ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

நான் இருக்கிறது வல்லம் வடகால் பக்கத்துல, ஒரு வாடகை வீட்ல. இங்க இருக்கிற ஒரு கம்பெனிக்கு சாப்ட்வேர் எழுதித் தர்ற, பொட்டி தட்டுற வேலை. என் சித்தி பொண்ணு இதே பக்கத்துல இன்னொரு கம்பெனியில லைன்ல நிக்கிறா. ஹாஸ்டல் வாசம். சனிக்கிழமை ராத்திரி சி ஷிப்ட் இருந்தா, ஞாயித்துக்கிழமை காலைல கம்பெனி பஸ்ல இறங்கி நேரா என் வீட்டுக்கு வந்துடுவா. குளிச்சு, சாப்பிட்டு, சாயங்காலம் வரைக்கும் தூங்கிட்டுப் போவா.

அன்னைக்கு நான் பெரிய சமையல்காரன் மாதிரி பாலு, முட்டை, சக்கரை எல்லாம் கலக்கி, பிரெட்ட முக்கி எடுத்து, நெய்யில சுட்டு, தட்டுல வெச்சு நீட்டினேன். பாம்பே டோஸ்ட். அவ தட்டைப் பாத்தா. என்னைப் பாத்தா.

"ஏண்ணா, எனக்கு என்ன காய்ச்சலா?"

அவ்வளவுதான். அப்புறம் அவளே வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி எல்லாம் நறுக்கிப் போட்டு காரமா சுட்டா. ரெண்டு பேரும் எட்டு துண்டு காலி பண்ணினோம். அவ தூங்கப் போயிட்டா. எனக்குத்தான் அந்தக் கேள்வி மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. பிரெட்னா நமக்கு ஏன் காய்ச்சல் ஞாபகம் வருது?

யோசிச்சுப் பாருங்க. ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பாக்கப் போனா என்ன வாங்கிட்டுப் போவோம்? ஆர்லிக்ஸ், சாத்துக்குடி, ஒரு பாக்கெட் பிரெட். கல்யாண வீட்டுக்கு பிரெட் வாங்கிட்டுப் போனவங்க யாராவது உண்டா?

வந்த கதை

புளிக்க வெச்சு அடுப்புல சுடற இந்த ரொட்டி நம்ம கரைக்கு வந்தது போர்ச்சுக்கீசியர்களோட. அவங்க மொழியில ரொட்டிக்குப் பேரு 'பாவ்ங்' மாதிரி ஒலிக்கும். பம்பாய் பாவ் பாஜியில இருக்கிற பாவ் அதுதான். இலங்கைத் தமிழர்கள் இன்னைக்கும் 'பாண்'னு சொல்றதும் அதேதான். அவங்க ஊர்ல காலைலயும் ராத்திரியும் பாணும் சம்பலும் சாப்பிடறது சாதாரணம். காய்ச்சல் வரணும்னு அவசியமில்லை :-)

நம்ம பக்கம் அப்படி ஆகல. வெள்ளைக்காரங்க குடியிருப்பு, ரயில்வே கேன்டீன், ஆஸ்பத்திரி... பிரெட் ரொம்ப நாள் அந்த வட்டத்துக்குள்ளயேதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரில பாலும் ரொட்டியும் கொடுத்ததால, ரொட்டின்னா நோயாளிச் சாப்பாடுன்னு நம்ம ஆளுங்க முடிவு கட்டிட்டாங்க.

அப்புறம் வந்தது பஞ்சம். 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. அரிசி தின்கிற ஊர்களுக்கு ரேஷனில் கோதுமை வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகும் தட்டுப்பாடு தீரவில்லை. 1956-ல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம் போட்டு கோதுமையை இறக்கினார்கள். 1965, 1966 இரண்டு வருடமும் மழை பொய்த்தது. 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்தது. எங்க ஆயா அந்தக் காலத்தை "அமெரிக்கா கோதுமை தின்ன காலம்"னு சொல்லும். அதைச் சொல்லும்போது முகத்துல ஒரு சுளிப்பு வரும்.

கவனிங்க, அப்போ டில்லியில உணவு மந்திரி யாரு? நம்ம சி. சுப்பிரமணியம். 1966-ல் 18,000 டன் மெக்சிகோ கோதுமை விதையை இறக்குமதி பண்ணி பசுமைப் புரட்சிக்கு வழி போட்டவர். அவர் மந்திரியா இருந்த 1965-லதான் மத்திய அரசு மாடர்ன் பேக்கரீஸ்னு ஒரு நிறுவனத்தை ஆரம்பிச்சுது. கொழும்புத் திட்டத்துல ஆஸ்திரேலியா உதவி பண்ணுச்சு. வைட்டமின் சேர்த்த பிரெட்டை மெஷின்ல செஞ்சு, வெட்டி, மெழுகுத்தாள்ல சுத்தி ஊரெல்லாம் வித்தாங்க. ஆமாம், அரசாங்கமே பேக்கரி நடத்தின காலம் ஒண்ணு இருந்துச்சு. 2000 ஜனவரியில் அதோட 74 சதவீதப் பங்கை 105.45 கோடி ரூபாய்க்கு இந்துஸ்தான் லீவர் வாங்கிச்சு.

ஆனா நம்ம ஊர்ல மக்கள் கேட்டது பிரெட்டை இல்ல. 1967 தேர்தல்ல தி.மு.க. ஜெயிச்சதுக்குப் பல காரணம் உண்டு, அதுல ஒண்ணு ரூபாய்க்கு மூணு படி அரிசிங்கிற பேச்சு. ஆட்சிக்கு வந்ததும் அண்ணா சென்னையிலயும் கோவையிலயும் ரூபாய்க்கு ஒரு படி திட்டத்தை ஆரம்பிச்சார். அரிசி கிடைக்காதபோது வந்த சாப்பாடு, அரிசி கிடைச்சதும் எங்க போகும்? ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போச்சு. டீக்கடை கண்ணாடிப் பெட்டிக்குள்ள பன்னா உக்காந்துச்சு. நம்ம வீட்டு அடுக்களையில அதுக்கு இடமே கிடைக்கல.

முட்டை வந்த கதை

சரி, ரொட்டி ஆச்சு. முட்டை?

எங்க ஆயா காலத்துல முட்டைங்கிறது வீட்டுக் கோழி போட்டா உண்டு. அதையும் விக்கத்தான் பாப்பாங்க. அப்புறம் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகள் பெருகிச்சு. 1982-ல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு வந்து, பண்ணைக்காரங்களே விலை சொல்ல ஆரம்பிச்சாங்க. அதே 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம். 1989-ல் கருணாநிதி ஆட்சியில சத்துணவுல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டை. 1998-ல் வாரம் ஒண்ணு. 2006-ல் ரெண்டு, 2007-ல் மூணு, 2010-ல் அஞ்சு.

இந்தக் கணக்கு எனக்கு மனப்பாடமா தெரியறதுக்குக் காரணம் இருக்கு. நான் சத்துணவு சாப்பிட்டு வளந்தவன். மூணாம் கிளாஸ் படிக்கும்போது வாரத்துல ஒரு நாள் முட்டை. அன்னைக்கு மட்டும் ஒருத்தன் லீவு போட மாட்டான். எட்டாம் கிளாஸ் வந்தப்போ அஞ்சு நாளும் முட்டை. என் தங்கச்சி என்னைவிட சின்னவ, அவளுக்கு முட்டை இல்லாத பள்ளிக்கூடம் ஞாபகத்துலயே இல்ல. இன்னைக்கு இந்தப் பக்கத்து லைன்ல நிக்கிற தமிழ்நாட்டுப் புள்ளைங்கள்ல நிறைய பேர் அந்த முட்டையில வளந்தவங்கதான்.

தொலைந்த ரொட்டி

இப்ப கொஞ்சம் வெளியூர் போயிட்டு வருவோம். ரோமானியர் காலத்துச் சமையல் தொகுப்பு ஒண்ணு இருக்கு, அப்பீசியஸ் பேர்ல. அதுல ரொட்டித் துண்டைப் பால்ல ஊறவெச்சு, எண்ணெய்ல பொரிச்சு, தேன் ஊத்தற குறிப்பு இருக்கு. முட்டை கிடையாது. பிரெஞ்சுக்காரங்க இந்தப் பலகாரத்தை 'பான் பெர்தூ'ன்னு சொல்றாங்க. அர்த்தம் 'தொலைந்த ரொட்டி'. காய்ஞ்சு போய், வீணாப் போச்சுன்னு நினைச்ச ரொட்டியை மீட்டு எடுக்கறது. ஜெர்மன்காரங்க 'ஏழை வீரர்கள்'னு சொல்றாங்க. பிரெஞ்ச் டோஸ்ட்ங்கிற பேர் 1660-ல் ராபர்ட் மே எழுதின ஆங்கிலச் சமையல் புத்தகத்துல வருது. அதுல ஒயின், சக்கரை, ஆரஞ்சுச் சாறு உண்டு, முட்டை இல்லை!

பேரைப் பாத்தீங்களா? தொலைந்தது, ஏழை. எந்த ஊர்லயும் இது விருந்துச் சாப்பாடா பொறக்கல. இருக்கிறதை வெச்சு சமாளிக்கறவங்க கண்டுபிடிச்சது. சக்கரைதான் சேர்க்கணும்னு சட்டமும் இல்ல. கல்கத்தாவுல வெங்காயம் பச்சை மிளகாய் போட்டு காரமா சுட்டு விக்கறாங்க. இங்கிலாந்துல 'முட்டை ரொட்டி'ன்னு உப்பு போட்டு சாப்பிடற வீடுகள் உண்டு.

இன்னொரு பேரும் பாத்துடுவோம். 'பிரஞ்ச்'. பிரேக்பாஸ்ட்டையும் லஞ்சையும் ஒட்டவெச்ச சொல். 1895-ல் கை பெரிங்கர்ங்கிற ஆங்கிலேயர் ஒரு பத்திரிகையில இதுக்காக வக்காலத்து வாங்கி எழுதினார். சனிக்கிழமை ராத்திரி கூத்தடிச்சவங்க ஞாயித்துக்கிழமை சீக்கிரம் எந்திரிக்க வேண்டாமே, லேட்டா ஒரே வேளையா சாப்பிடலாமேங்கிறதுதான் வாதம்.

சனிக்கிழமை ராத்திரி முழுக்க முழிச்சிருந்து, ஞாயித்துக்கிழமை காலைல வந்து சாப்பிட்டுத் தூங்கறது. அட, எங்க வீட்லயும் அதான நடக்குது! என்ன, பெரிங்கர் சொன்ன ஆளுங்க கூத்தடிச்சுட்டு வந்தாங்க. என் தங்கச்சி எட்டு மணி நேரம் நின்னுட்டு வர்றா.

ரோட்டோரம்

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் ஓட ஆரம்பிச்சது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா, 2014-ல் அது மூடினது. 2010-ல் ஒரகடத்துல ரெனோ நிசான். 2017-ல் எங்க வல்லம் வடகால்ல ராயல் என்ஃபீல்டு. ஏரியும் வயலுமா இருந்த ஊர்கள்ல மூணு ஷிப்ட் ஓடுது. மூணு ஷிப்டுக்கும் சாப்பாடு வேணும். அதனால கம்பெனி கேட் இருக்கிற இடத்துலயெல்லாம் ஒரு தள்ளுவண்டி, ஒரு தோசைக்கல்லு, ஒரு அட்டை முட்டை, ரெண்டு பாக்கெட் பிரெட். பிரெட் ஆம்லெட் ரெண்டு நிமிஷத்துல ரெடி. தட்டு வேணாம், பேப்பர் போதும். தமிழ், ஒடியா, இந்தி எந்த மொழிக்காரங்களுக்கும் மெனு புரியும்.

அமெரிக்கா கோதுமையா வந்தபோது நாம உள்ள விடாத ரொட்டியும், சத்துணவுல பழகின முட்டையும் கடைசியா சந்திச்ச இடம் இதுதான்னு எனக்குத் தோணுது. அடுக்களை இல்லாதவங்க சாப்பாடு.

இது சும்மா சொல்ற வார்த்தை இல்ல. 2021 டிசம்பர்ல ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதில சாப்பாடு ஒத்துக்காம 159 பெண்கள் ஆஸ்பத்திரில சேர்ந்தாங்க. அடுத்து நூத்துக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில உக்காந்தாங்க. நாடே திரும்பிப் பாத்துச்சு. 2024 ஆகஸ்ட் 17 அன்னைக்கு இதே வல்லம் வடகால்ல சிப்காட் கட்டின 18,720 படுக்கை விடுதியை முதல்வர் ஸ்டாலின் திறந்து வெச்சார். 706.50 கோடி ரூபாய் செலவு. நல்ல விஷயம்தான், மறுக்கல.

ஆனா என் தங்கச்சி இருக்கிறது வேற ஹாஸ்டல். அங்க ரூம்ல அடுப்பு வெக்கக் கூடாது. தீப்பிடிக்கும்னு சொல்றாங்க, அது நியாயம்தான். ஆனா பொதுவா ஒரு அடுப்பங்கரையும் கிடையாது. அவ அன்னைக்கு வெங்காயம் நறுக்கினப்போ சொன்னது: "கத்தி புடிச்சு ரெண்டு மாசம் ஆச்சுண்ணா." சம்பளம் வாங்கற பொண்ணு, தனக்குப் பிடிச்ச காரத்துல ஒரு முட்டை சுட்டுத் தின்ன ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கணும்.

செய்முறை (அவ சொன்னபடி)

நேத்து வாங்கின பிரெட் 4 துண்டு. புது பிரெட் வேணாம், முட்டையில முக்கினதும் பிஞ்சு போகும். ஒரு நாள் ஆனா மாவுச்சத்து இறுகி, ஊறினாலும் நிக்கும். பிரிட்ஜ்ல வெச்சா இன்னும் சீக்கிரம் இறுகும், அதனாலதான் சும்மா சாப்பிடற பிரெட்டை பிரிட்ஜ்ல வெக்கக் கூடாது.

முட்டை 2, பால் 3 ஸ்பூன், உப்பு, மிளகுத்தூள், ஒரு சிட்டிகை மஞ்சள். வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி ரொம்பப் பொடியா. பெருசா நறுக்கினா ரொட்டியில ஒட்டாம கல்லுல உதிர்ந்து கருகும். நான் அனுபவஸ்தன்.

நல்லா அடிச்சு, அகலமான தட்டுல ஊத்தி, ஒவ்வொரு பக்கமும் 20 செகண்ட் ஊறவிட்டு, மிதமான தீயில நெய்யோ எண்ணெயோ விட்டு, பக்கத்துக்கு 2 நிமிஷம். தட்டுல மிஞ்சின வெங்காயத்தை மேல அள்ளி வெச்சு திருப்பிப் போடுங்க. பிரெட் ஆம்லெட்ல ரொட்டி முட்டை மேல உக்காரும், இதுல முட்டையைக் குடிச்சிரும். அதான் வித்தியாசம். தொட்டுக்க தக்காளித் தொக்கு.

சாயங்காலம் கிளம்பும்போது ரூம்ல இருக்கிற நாலு பேருக்கும்னு எட்டு துண்டு சுட்டு டிபன் பாக்ஸ்ல எடுத்துட்டுப் போனா. ராத்திரி போன் பண்ணினா. ஆறிப் போச்சாம், ஆனா ஒரு துண்டு மிஞ்சலையாம். அடுத்த வாரம் முட்டை ஒரு டஜன் வாங்கி வெக்கச் சொல்லியிருக்கா.

டிஸ்கி: உங்க வீட்ல இதுக்கு என்ன பேர்? பாம்பே டோஸ்ட்டா, முட்டை ரொட்டியா, வேற ஏதாவதா? காரமா, இனிப்பா? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. இனிப்புக் கட்சிக்காரங்க கும்மி அடிக்க வந்தா வரவேற்பு உண்டு. ஆனா தங்கச்சி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லணும் :-)