ஆலை நகரத்தின் விடுதிகள்

அமெரிக்காவின் வடகிழக்கில், நியூ ஹாம்ப்ஷயர் மலைகளிலிருந்து இறங்கி, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வழியே அட்லாண்டிக் சமுத்திரத்தை அடையும் மெரிமாக் நதி, பாட்டக்கெட் என்னும் இடத்தில் சுமார் 32 அடி உயரத்திலிருந்து பாறைகளின்மேல் சரிந்து விழுகிறது. பென்னக்குக் என்னும் பூர்வகுடி மக்கள், வசந்த காலத்தில் ஆற்றை எதிர்த்து ஏறிவரும் மீன்களைப் பிடிக்கத் தலைமுறை தலைமுறையாகக் கூடிய அவ்விடத்திலே, பாஸ்டன் நகரத்து வர்த்தகர் சிலர் 1821-ஆம் ஆண்டில் வேறொரு செல்வத்தைக் கண்டார்கள். விழுகின்ற நீரைக் கால்வாய்களில் திருப்பிப் பெருஞ்சக்கரங்களைச் சுழலச் செய்தால், ஆயிரக்கணக்கான கதிர்களும் தறிகளும் ஓடும் என்று கணக்கிட்டு, சுற்றியிருந்த விளைநிலங்களை வாங்கினார்கள். இங்கிலாந்து சென்று விசைத்தறியின் அமைப்பை மனத்திலே பதித்துக்கொண்டு திரும்பி, 1817-இல் காலமாகிவிட்ட தங்கள் முன்னோடி பிரான்சிஸ் கேபட் லோவெல் என்பாரின் பெயரையே அந்த ஊருக்குச் சூட்டினார்கள். 1823-இல் முதல் ஆலை ஓடத் தொடங்கிற்று. 1836-இல் லோவெல் நகர அந்தஸ்தையும் பெற்றுவிட்டது.

ஆலை எழுந்தது, அதில் உழைப்பவர் யார்? மான்செஸ்டர் போன்ற ஆங்கில ஆலை நகரங்களில் தொழிலாளர் பட்ட துயரம் அமெரிக்க ஜனங்களுக்குத் தெரிந்தே இருந்தது. அத்தகைய வாழ்வுக்குத் தன் புதல்வியை அனுப்ப எந்தக் குடியானவனும் இசையமாட்டான். ஆகவே முதலாளிகள், ஆலைகளை ஒட்டியே வரிசை வரிசையாக விடுதிகளைக் கட்டி, ஒவ்வொன்றின் நிர்வாகத்தையும் மதிப்புக்குரிய மூத்த ஸ்திரீ ஒருத்தியிடம், பெரும்பாலும் விதவையிடம், ஒப்படைத்து, இரவு பத்து மணிக்குக் கதவு அடைக்கப்படும், ஞாயிறுதோறும் தேவாலயம் செல்ல வேண்டும், நடத்தையில் குறை கண்டால் வேலை போய்விடும் என்றெல்லாம் விதிகள் வகுத்துப் பெற்றோருக்கு நம்பிக்கை ஊட்டினார்கள். தம்பியின் படிப்புக்காகவும், பண்ணையின் கடனுக்காகவும், தங்கள் கல்யாணச் செலவுக்காகவும், நியூ இங்கிலாந்துக் கிராமாந்தரங்களிலிருந்து இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள்.

வேலை எளிதானதன்று. விடியுமுன் ஒலிக்கும் ஆலை மணியோடு அவர்கள் நாள் தொடங்கும். வாரத்துக்குச் சராசரி 73 மணி நேரம் உழைக்க வேண்டும். நூல் அறுந்துவிடாமல் இருக்கும்பொருட்டு ஜன்னல்களை இறுக அடைத்து வைத்த கூடங்களில், பஞ்சுத் தூசியைச் சுவாசித்துக்கொண்டு, தறிகளின் பேரிரைச்சலுக்கு நடுவே அவர்கள் நின்றார்கள். ஆயினும், இரவில் ஓர் அறையில் நால்வரும் எண்மருமாக நெருங்கி வாழ்ந்த விடுதியிலே, அவர்கள் நூல்களை வாங்கிப் படித்தார்கள். பிரசங்கங்கள் கேட்டு வந்து விவாதித்தார்கள். 1840 முதல் 1845 வரை, தாங்களே எழுதிய கதைகளையும் கவிதைகளையும் தாங்கி ‘லோவெல் ஆஃபரிங்’ என்னும் பத்திரிகை வெளிவந்தது. 1842-இல் அங்கு வந்த சார்லஸ் டிக்கன்ஸ், பல விடுதிகளில் பியானோ இருப்பதையும், பெண்களில் அநேகர் நூலகச் சந்தா செலுத்துவதையும், சொந்தப் பத்திரிகை நடத்துவதையும் வியந்து எழுதினார்.

பெண்களைக் கண்காணிப்பதற்கென்றே கட்டப்பட்ட இந்த விடுதிகள், முதலாளிகள் எண்ணிப் பாராத வேறொரு பலனையும் அளித்தன. ஒரே மேஜையில் உண்டு, ஒருத்தியின் நோய்க்கு மற்றொருத்தி கண்விழித்தவர்கள், கூலி குறைந்தபோது தனித்தனியே முணுமுணுத்து அடங்கிவிடவில்லை. 1834-இல் கூலிக் குறைப்பை எதிர்த்து நூற்றுக்கணக்கானோர் வேலையை நிறுத்தி வெளியேறித் தோற்றனர். 1836-இல் விடுதிக் கட்டணம் உயர்ந்தபோது, அதனினும் பெரிய கூட்டமாக வெளியேறி, நிர்வாகங்களைப் பணியவும் வைத்தனர். 1845-இல் சாரா பாக்லி என்னும் நெசவுத் தொழிலாளியின் தலைமையில் சங்கம் அமைத்து, பத்து மணி நேர வேலைநாள் கோரி மனுக்களில் கையெழுத்துச் சேகரித்து, சட்டசபைக் குழுவின்முன் தாங்களே சாட்சியம் சொன்னார்கள். வாக்குரிமை அற்ற பெண்கள் நிகழ்த்திய செயல் இது! மாசசூசெட்ஸில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அந்தச் சட்டம் வருவதற்கு 1874 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று என்றாலும், வழியை வகுத்தவர்கள் விடுதிப் பெண்களே.

அந்த ஆலைகளுக்கு வந்த பஞ்சு, தென் மாநிலங்களில் அடிமைகளின் உழைப்பால் விளைந்தது. லோவெலில் நெய்த முரட்டுத் துணியில் ஒரு பகுதி அவ்வடிமைகளுக்கு உடையாகவே திரும்பிச் சென்றது. இந்தக் கொடுமையை உணர்ந்து, அடிமை ஒழிப்பு மனுக்களில் கையெழுத்திட்ட ஆலைப் பெண்களும் உண்டு. 1861-இல் உள்நாட்டு யுத்தம் மூண்டு தென்னகப் பஞ்சு நின்றபோது லோவெல் ஆலைகள் பெரும்பாலும் ஓய்ந்தன. அதே பஞ்சுத் தட்டுப்பாட்டால் நம் திருநெல்வேலிக் கரிசல் பருத்தியின் விலை ஏறிற்று.

கிராமத்துப் பெண்கள் மெல்ல மெல்ல விலகியபின் அவர்கள் இடத்தை வேற்று நாட்டார் நிரப்பினார்கள். ஆதியில் கால்வாய்களை வெட்டிய ஐரிஷ் மக்கள், 1831-இலேயே புனித பாட்ரிக் பெயரால் தேவாலயம் எழுப்பியிருந்தார்கள். பின்னர் கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சு மொழியினர் ‘சின்னக் கனடா’ என்னும் பேட்டையை அமைத்தார்கள். கிரேக்கரும் போலந்துக்காரரும் போர்ச்சுகீசியரும் தொடர்ந்தார்கள். ஒவ்வொரு கூட்டமும் தன் ஆலயத்தையும், பள்ளியையும், மளிகைக் கடையையும், ஆபத்துக்கு உதவும் சங்கத்தையும் தானே உண்டாக்கிக்கொண்டது. 1922-இல் அங்கே பிறந்த நாவலாசிரியர் ஜாக் கெருவாக், பிரெஞ்சு பேசும் அத்தகைய குடும்பத்தின் பிள்ளையே.

1920-களில் ஜவுளித் தொழில், கூலி குறைந்த தென் மாநிலங்களை நாடிச் செல்ல, லோவெல் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நகரச் சீரமைப்பு என்ற பெயரால், 1960-களில் பழைய ஆலைகள் சிலவும் சின்னக் கனடாவும் இடிக்கப்பட்டன. எஞ்சியவற்றைக் காப்பதற்காக 1978-இல் அங்கு தேசிய சரித்திரப் பூங்கா நிறுவப்பட்டது. அதன் பிறகு, தம் நாட்டின் பேரழிவிலிருந்து தப்பி வந்த கம்போடியர்கள் ஆயிரக்கணக்கில் குடியேறி, மற்றவர்களைப்போலவே தங்கள் கோயில்களையும் கடைகளையும் அங்கு உண்டாக்கினார்கள். இன்று பூட் என்னும் ஆலையில் பழைய தறிகளை ஓட்டிக் காட்டுகிறார்கள். அருகிலேயே தொழிலாளர் விடுதி ஒன்றையும் செப்பனிட்டு வைத்திருக்கிறார்கள். அது நியாயமான காரியம். ஆலையை மட்டும் காத்திருந்தால், நீரையும் யந்திரத்தையும் மூலதனத்தையும் பற்றிய பாதிச் சரித்திரமே எஞ்சியிருக்கும். மனிதர் ஒருவருக்கொருவர் துணைநின்று ஓர் ஊரை உருவாக்கிய மறுபாதியை அறிய விரும்புகிறவர், அந்த விடுதிக்குள்ளும் சென்றே ஆக வேண்டும்.