'விசாரணை' படமும் நம்முடைய சட்டமும்



1983இல் குண்டூரில் வேலை செய்துகொண்டிருந்த தமிழ்நாட்டுக்காரர் மு. சந்திரகுமாரைப் பொலிஸ் பிடித்து அடைத்தது. அவர் பிற்பாடு எழுதிய 'லாக்கப்' நாவல்தான் வெற்றிமாறனின் 'விசாரணை' (2015). படத்தில் அப்சல் என்ற பொடியனிடம் பெயரையும் மொழியையும் வைத்தே அல்கைதாவா, புலியா என்று கேட்கிறார்கள். செய்யாத களவை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள்.

நம் நாட்டுச் சாதாரண சட்டத்தில் பொலிஸிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் செல்லாது. 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்தால் செல்லும் என்றது. அந்தச் சட்டத்தில் முதலில் தமிழ்ப் பொடியள் உள்ளே போனார்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம் பிள்ளைகளும் போனார்கள். சட்டம் ஒன்றுதான்.

அடுத்த வீட்டுப் பிள்ளை பிடிபடும்போது, "ஏதோ செய்திருப்பான்" என்று நாம் சொல்லாதிருப்போம்.