உணவுப் பட்டியலில் இடம்பெறாதவர்கள்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசாங்கப் பத்திரங்களில் மட்டுமே தேட வேண்டுமென்பதில்லை. ஹவாய்த் தீவுகளின் வைக்கிக்கிக் கடற்கரைக்கு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் சென்ற கப்பலின் பழைய உணவுப் பட்டியலும் வரலாற்றுச் சான்றுதான்.

இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையினரின் ஓய்விடமாயிருந்த றோயல் ஹவாயன் ஹோட்டல் 1947இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1948இல் ‘லேர்லைன்’ கப்பலும் சேவைக்குத் திரும்பியது. இரண்டும் மற்சன் கம்பனியின் உடைமைகள். கப்பலின் உணவுப் பட்டியல் அட்டைகளை இயூஜீன் சாவேஜ் என்னும் ஓவியரின் சித்திரங்கள் அலங்கரித்தன. இறகுப் போர்வை அணிந்த அரச குலத்தவரும், விருந்தும், நடனமும் அவற்றிலே பொலிந்தன.

சித்திரம் அழகியது, அது மறைத்த வரலாறோ வேறு. அந்த மன்னராட்சியின் கடைசி அரசி லிலியுவோகலானியை 1893இல் வீழ்த்தியவர்கள் யார்? சீனி முதலாளிகளின் நலன் பேணிய கூட்டத்தார். அவர்களுக்கு அரணாக அமெரிக்கப் படை கரையிறங்கி நின்றது.

அத்தீவுகளின் சீனியும் அன்னாசியும் ஜப்பானிய, பிலிப்பைன்ஸ், சீன, போர்த்துக்கேயத் தொழிலாளரின் வியர்வையில் விளைந்தவை. ஓரினத்தார் வேலைநிறுத்தம் செய்தால் மற்றோரினத்தாரைக் கொண்டு அதனை முறியடிப்பது தோட்ட நிர்வாகத்தின் தந்திரம். 1946இல் அத்தந்திரம் பலிக்கவில்லை. 20,000க்கும் மேற்பட்ட கரும்புத் தோட்டத் தொழிலாளர் ஒரே சங்கத்தின்கீழ் 79 நாட்கள் உறுதியாக நின்று வென்றனர்.

1949 மே மாதத்தில் துறைமுகத் தொழிலாளர் எழுந்தனர். அமெரிக்க மேற்குக் கரையில் மணிக்கு 1.82 டொலர் கிடைத்த வேலைக்கு ஹவாயில் 1.40 டொலரே கொடுக்கப்பட்டது. ஒரே கப்பல், ஒரே மூட்டை. கூலி மட்டும் இருவிதமா? சுமார் 2,000 பேர் ஏறத்தாழ ஆறு மாதங்கள் போராடிக் கட்டங்கட்டமாக 21 சத உயர்வு பெற்றனர். கப்பலில் வரும் உணவையே பெரிதும் நம்பியிருந்த தீவுகள் அதற்கிடையில் தட்டுப்பாட்டால் தவித்தன. பட்டியல் எத்துணை நீண்டதாயினும், மூட்டையிறக்கும் கை ஓய்ந்தால் தட்டு வெறுமையே என்பதை அனைவரும் கண்டனர்.

ஹவாயின் கடைசிக் கரும்புத் தோட்டம் 2016இல் மூடப்பட்டது. உல்லாசப் பயணத் தொழில் நிலைத்தது. 2018இல் அதே றோயல் ஹவாயன் உட்பட ஐந்து ஹோட்டல்களின் சுமார் 2,700 ஊழியர்கள் 51 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். வாழ்வதற்கு ஒரு வேலையின் ஊதியமே போதுமானதாக இருக்கவேண்டும் என்பது அவர்களின் முழக்கம்.

பழைய அட்டைகள் இன்று சேகரிப்போரின் அரும்பொருள்கள். அவற்றைப் போற்றுவோம். ஆனால், உணவின் பெயரைப் படிக்கையில், அதனை விளைவித்தவனையும் சுமந்தவனையும் பரிமாறியவனையும் சேர்த்தே படிப்போமாக.