அறுத்தால் கிழியும் தாள்

1895-ல் இங்கிலாந்தில் 'ஹாபீஸ்' வாரப் பத்திரிகை வரத் தொடங்கியது. ஆட்கள் அதை வாங்கியது இலவச மாதிரித் தாளுக்காக. தாளைப் பலகைமேல் ஒட்டி, நூல் போன்ற ஃபிரெட் சா வாளால் கோட்டோடு கோடாக அறுக்கணும். முடிக்கும்போது தாள் சின்னாபின்னம். அதனால் முதலிலேயே பிரதி எடுக்க வேண்டும். எடுத்தபின் ஒன்றை நண்பனுக்கும் கொடுக்கலாம்தானே?

மைசூரில் ஈட்டி மரத்தில் வேறு மரங்களைப் பதித்துப் படம் செய்பவர்களுக்கும் இதே மாதிரி வாள்தான். ஆனால் அது அவர்கள் சோறு. மாதிரியைக் கேட்டால் தயங்குவது நியாயம். பொழுதுபோக்குக்காரர் தாராளமாகக் கொடுப்பார். அவருக்குச் சம்பளம் வேறெங்கோ வருகிறது. (இதை நாம் சுலபமாக மறந்துவிட்டு, தச்சரைக் கஞ்சன் என்போம்.)

மோட்டார் வைத்த ஸ்க்ரோல் சா வந்தபிறகும் மரத்தின் குணம் மாறவில்லை. அலங்காநல்லூர்க் காளையை அறுத்துப் பாருங்க, கொம்பில்தான் சோதனை. மர இழை கொம்புக்குக் குறுக்கே ஓடினால் டக்கென்று முறியும். இழை கொம்போடு போகிற மாதிரி தாளைத் திருப்பி ஒட்டணும், இல்லைன்னா பிளைவுட். உள்துளைகளை முதலில் அறுக்கணும். வெளிக்கோட்டை முதலில் வெட்டிட்டா, பிடிக்க இடமிருக்காது.