நறுமண எண்ணெய்: ஆறுதல் எது, சிகிச்சை எது?

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அழகுக்கலை நிலையங்களில் 'அரோமாதெரபி' என்ற சொல்லை இப்போது காண்கிறேன். மன உளைச்சல் தீரும், நல்ல நித்திரை வரும் என்கிறார்கள். போரைக் கடந்து வந்த நாங்கள் இதை விளங்கி வைத்திருப்பது நல்லது.

வேப்பெண்ணெய், இலுப்பெண்ணெய், நல்லெண்ணெய் ஆகியவை வித்தைப் பிழிந்து எடுப்பவை. நறுமண எண்ணெய் வேறு. இலை, பூ, பட்டை, வேர் ஆகியவற்றில் இருந்து எளிதில் ஆவியாகும் பொருள் அது. தாவரத்தினூடாக நீராவியைச் செலுத்தி, அந்த ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய் தனியே பிரியும். தடிமனுக்கு நொச்சி இலை போட்டு வேது பிடிக்கிறோமே, அது இந்த வேலையின் முதற்பாதி. தென்னிலங்கையில் கறுவா இலை எண்ணெயும் சிட்ரோனெல்லா எண்ணெயும் நெடுங்காலமாக இப்படித்தான் வடிக்கப்படுகின்றன. 'அரோமாதெரபி' என்ற பெயரில் பிரெஞ்சு இரசாயனவியலாளர் கட்டஃபோசே 1937 இல் நூல் வெளியிட்டார்.

மூளையில் மணத்தை உணரும் பகுதி, அச்சத்தையும் ஞாபகத்தையும் கையாளும் பகுதிகளோடு நெருங்கி இணைந்தது. அதனால் பிடித்த மணம் மனதைச் சற்று ஆற்றும். அதே வழியால் பயமும் திரும்பி வரும். பட்டாசுப் புகை மணத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு படபடக்கும். காயக்காரர் நடுவே இருந்தவருக்குக் கிருமிநீக்கி மணமே போதும். ஆகவே எந்த மணம் வேண்டும் என்பதை அவரவரே தெரிவுசெய்ய வேண்டும். மனம் குழம்பினால் உடனே நிறுத்துங்கள்.

பாவிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- நேரடியாகத் தோலில் பூசக்கூடாது. ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெய்க்கு இரண்டு துளி போதும். கறுவா, கராம்பு எண்ணெய்கள் அதிலும் தோலை எரிக்கக்கூடும்.
- குடிக்கக்கூடாது. கற்பூரமோ யூக்கலிப்டஸ் எண்ணெயோ சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் பிள்ளைகளுக்கு வலிப்பு வரலாம். போத்தலைக் கைக்கெட்டாமல் வையுங்கள்.
- கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்டுப் பாவிப்பது நல்லது.

நறுமண எண்ணெய் ஒரு மாலைப்பொழுதை இலேசாக்கலாம். போர் தந்த மனக்காயத்துக்கு அது சிகிச்சை அல்ல. கெட்ட கனவும் திடுக்கிடலும் தொடர்ந்தால், வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால், அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கு கட்டணம் இல்லை. தேசிய மனநல உதவி இலக்கம் 1926. விலை உயர்ந்த போத்தலுக்குக் காசு சேர்க்கும்வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம்.